பள்ளி நூலகத்தைக் குழுவாகப் படிக்கும் இடமாக மாற்றுவது: எதில் தொடங்குவது?

தாள்வாசம் கேட்டது:

வணக்கம். பள்ளி நூலகத்தை மாற்றியமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அறை 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், கூரை உயரம் 3.2 மீட்டர். முதல் மாடி. நடுவில் ஆளுயர இரும்பு ரேக்குகள் வரிசையாக நிற்கின்றன, சுமார் 4,500 புத்தகங்கள். சுவரோரம் நீள மேசைகள். ஒரு நேரத்தில் 40 பேர் கொண்ட வகுப்பு ஒன்று வரும்.

வேண்டியது இவ்வளவுதான்: நாலு நாலு பேராக உட்கார்ந்து பேசி வேலை செய்ய இடம், அதே நேரத்தில் தனியாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு மூலை, இருபது லேப்டாப்புக்குச் சார்ஜ் வசதி. நிர்வாகம் பீன் பேக், பளிச்சென்ற வண்ணம், சக்கரம் வைத்த அலமாரி என்று ஒரு பட்டியலோடு காத்திருக்கிறது. பணம் தவணையாகத்தான் வரும் என்பதால் வரிசை தப்பினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். எதை முதலில் செய்வது? சக்கர அலமாரி சரிப்படுமா? சத்தத்தை என்ன செய்வது?


மூன்றாம்தட்டு எழுதியது:

முதல் வேலை புத்தகக் கழிப்பு, அதாவது இனி வேண்டாத புத்தகங்களைப் பிரித்தெடுத்து நீக்குவது. காசு செலவில்லை, ஆனால் மற்ற எல்லா அளவும் இதிலிருந்துதான் வரும். எத்தனை புத்தகம் நிற்கப்போகிறது என்று தெரியாமல் அலமாரிக்கு ஆர்டர் கொடுத்தால் ஒன்று அலமாரி காலியாக நிற்கும், இல்லை புத்தகம் அட்டைப்பெட்டியில் கிடக்கும்.

ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து ஆறு கேள்வி கேளுங்கள். தகவல் தப்பா? கிழிந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா? இதைவிடப் புதிய பதிப்பு வந்துவிட்டதா? மேம்போக்கானதா? இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தாததா? வேறு இடத்தில் எளிதாகக் கிடைப்பதா? இந்த ஆறுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து நூலகர்கள் மஸ்டி என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். அறிவியல் தட்டில் தப்பைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. கோள்கள் ஒன்பது என்று சொல்லும் புத்தகம் 2006க்கு முந்தையது, புளூட்டோ அந்த ஆண்டுதான் குறுங்கோள் ஆனது. தனிம அட்டவணையின் ஏழாவது வரிசையில் பெயரில்லாத கட்டங்கள் இருந்தால் அது 2016க்கு முந்தையது. தெற்கு சூடான் இல்லாத உலக வரைபட நூல் 2011க்கு முந்தையது. பழசு என்பதற்காகவே கதைப் புத்தகத்தைக் கழிக்காதீர்கள். கடைசி இரவல் தேதியைப் பாருங்கள், நாலைந்து வருடமாக யாரும் தொடவில்லையென்றால் அப்போது யோசிக்கலாம். பள்ளி ஆண்டு மலர், ஊர் வரலாறு இரண்டிலும் கை வைக்க வேண்டாம், அவை வேறெங்கும் கிடைக்காது.

கழித்ததை சேர்க்கைப் பதிவேட்டில் (வந்த புத்தகங்களை எண்ணிட்டு எழுதும் ஏடு) அந்தந்த எண்ணுக்கு நேரே தேதி போட்டு, காரணம் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகே வெளியே அனுப்புங்கள். இதை விட்டுவிட்டு மூட்டை கட்டினால் அடுத்த ஸ்டாக் சரிபார்ப்பில் ஆயிரம் புத்தகம் "காணவில்லை" என்று உங்கள் தலையில் விழும். பூஞ்சை பிடித்ததைத் தானமாகக் கொடுக்காதீர்கள், போகிற இடத்துக்கும் தொற்றும்.

4,500இல் 3,300 மிஞ்சும் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு மீட்டர் தட்டுக்குச் சராசரியாக 30 புத்தகம், ஆக 110 மீட்டர். தட்டை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது; நெருக்கி அடைத்தால் பிள்ளைகள் புத்தக முதுகின் மேல்நுனியைப் பிடித்து இழுப்பார்கள், முதலில் கிழிவது அந்த இடம்தான். சுவரோரம் ஐந்து தட்டு, 90 செ.மீ. அகலத்தில் 14 அலமாரி வைத்தால், முக்கால் நிரப்பில் 47 மீட்டர் போகும். ஜன்னலுக்குக் கீழே இரண்டு தட்டுக் குட்டை அலமாரி 10 மீட்டர் ஓடினால் 15 மீட்டர். மிச்சம் 48 மீட்டருக்கு நடு அறையில் இருபுறமும் தட்டுள்ள குட்டை அலமாரி, பக்கத்துக்கு மூன்று தட்டு, ஒன்றுக்கு 4 மீட்டர் வீதம் 12 வேண்டும். நடுவில் நிற்பது எதுவும் 120 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. நிற்கிற ஆசிரியரின் பார்வை அறையின் நாலு மூலைக்கும் போக வேண்டும்.

பன்னிரண்டுக்கும் சக்கரம் வேண்டுமா என்றால் வேண்டாம். மேசையைத் தினமும் நகர்த்துவார்கள், அலமாரியைப் பருவத்துக்கு ஒருமுறை நகர்த்தினால் அதிகம். திறந்த இடத்தை ஒட்டி நிற்கும் நாலுக்கு மட்டும் போடுங்கள், மற்ற எட்டும் காலில் நிற்கட்டும்.


சுவரும்கூரையும் எழுதியது:

மூன்றாம்தட்டு சொன்னதோடு சத்தத்தையும் எடையையும் சேர்க்கிறேன். இந்த இரண்டையும் பட்டியலில் கடைசியில் எழுதுவார்கள், பணம் தீர்ந்ததும் விட்டுவிடுவார்கள். திறந்த பிறகு முதலில் வரும் புகாரும் சத்தம்தான்.

சிமெண்ட் கூரை, டைல்ஸ் தரை, பூசிய சுவர் மூன்றும் ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். எட்டுக் குழு பேசும்போது பக்கத்துக் குழுவின் சத்தத்தை மீறித் தங்கள் குரல் கேட்க ஒவ்வொருவரும் குரலைக் கொஞ்சம் கூட்டுவார்கள். அதைக் கேட்டு அடுத்த குழுவும் கூட்டும். பத்து நிமிடத்தில் சந்தை. இது ஒழுக்கக் குறைவு அல்ல, மனிதக் குரலின் இயல்பு. லொம்பார்ட் விளைவு என்று பெயர். "அமைதி" என்று பலகை மாட்டி இதைத் தடுக்க முடியாது.

கணக்கு எளிது. அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறையில் உள்ள ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று வரும். உங்கள் அறை 12 × 8 × 3.2, அதாவது 307 கன மீட்டர், 0.161 ஆல் பெருக்க 49.4. வெறும் பரப்புகள், புத்தகம், மரச்சாமான் எல்லாம் சேர்ந்து உறிஞ்சுவது ஏறத்தாழ 14 சதுர மீட்டருக்குச் சமம். 40 பிள்ளைகள் உட்கார்ந்தால் ஆளுக்கு 0.4 வீதம் இன்னொரு 16. மொத்தம் 30. விடை 1.6 விநாடி. பேசிப் படிக்கும் அறைக்கு 0.6 முதல் 0.7 வரைதான் இருக்க வேண்டும். 0.7க்கு இறக்க 70 சதுர மீட்டர் உறிஞ்சல் தேவை, பற்றாக்குறை 40. உறிஞ்சு திறன் 0.8 உள்ள (படும் ஒலியில் பத்தில் எட்டுப் பங்கை உறிஞ்சும்) பலகை என்றால் 50 சதுர மீட்டர். கூரையில் பாதிக்குச் சற்று மேல்.

பலகை என்றால் 50 மி.மீ. தடிமனுள்ள கிளாஸ்வூல், ராக்வூல் அல்லது அழுத்திய பாலியெஸ்டர் நாரைக் காற்று புகும் துணியால் போர்த்தியது. கூரையோடு ஒட்டாமல் 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் தாழ்ந்த குரலையும் பிடிக்கும். மேலே பெயிண்ட் அடித்துவிடாதீர்கள், துளைகள் அடைபட்டால் அது வெறும் பலகைதான். பணம் தவணையாக வருவதால் முதல் தவணையில் குழு மேசைகளுக்கு நேர் மேலே 25 சதுர மீட்டர் போடுங்கள், வித்தியாசம் அன்றைக்கே கேட்கும். மின்விசிறி இறக்கைக்கு மேலே பலகை வந்தால் காற்று குறையும், சுற்றிலும் அரை மீட்டராவது விடுங்கள்.

அமைதி மூலையை வாசலுக்கு எதிர்க்கோடியில் வையுங்கள். இடையில் நிறைந்த புத்தக அலமாரி இரண்டு வரிசை நின்றால் நேர்ச்சத்தம் ஓரளவு அடங்கும், ஆனால் கூரை வழியாகச் சுற்றி வருவதை அலமாரி தடுக்காது.

அடுத்தது எடை. முதல் மாடி என்றீர்கள். ஒரு மீட்டர் நிறைந்த தட்டு 25 முதல் 40 கிலோ வரும். இருபுறமும் ஐந்து தட்டுள்ள 90 செ.மீ. ரேக்கில் 9 மீட்டர் புத்தகம், சுமார் 270 கிலோ, நிற்கும் இடம் அரை சதுர மீட்டர். அதன் அடியில் மட்டும் சதுர மீட்டருக்கு 500 கிலோ. வகுப்பறைத் தளம் வழக்கமாக 200 முதல் 300 கிலோவுக்குத்தான் கட்டப்படுகிறது. புத்தக அடுக்கு அறைக்குக் கட்டட விதிகள் 600, 700 என்று கேட்கின்றன. நடைபாதை இடையில் வருவதால் சராசரி குறையும். ஆனாலும் எல்லா ரேக்கையும் ஒரு பக்கம் ஒதுக்கி "நடுவைக் காலி செய்கிறோம்" என்று நெருக்கி நிறுத்துவதுதான் ஆபத்து. வேலை நடக்கும் இரண்டு வாரத்துக்கு என்றாலும் அப்படி நிறுத்தாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரை ஒருமுறை அழைத்து, உத்தரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, பாரத்தை அதை ஒட்டி வையுங்கள்.

மின்சாரம்: 20 லேப்டாப், ஒன்றுக்கு 65 வாட், ஒரே நேரத்தில் 1,300 வாட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகும் கதை வேண்டாம். தனிச் சர்க்யூட்டில் காற்றோட்டமுள்ள சார்ஜிங் அலமாரி ஒன்று, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கசிவுமின் தடுப்பானோடு. மேசையில் சார்ஜ் தேவையே இல்லை, லேப்டாப் ஒரு பீரியட் தாங்கும். தரையில் பிளக் பாயிண்ட் பதிக்காதீர்கள். தண்ணீர் விட்டுத் துடைக்கும் தரையில் அது ஒரு வருடம் நிற்காது, மேசை இடம் மாறினால் காலில் தட்டும் மூடி மட்டும் மிச்சம்.

வெளிச்சம் மேசையில் 500 லக்ஸ், புத்தக முதுகில் 200. அடித்தட்டில் குனிந்து தலைப்பைப் படிக்க முடிகிறதா என்று பார்த்தாலே போதும்.


தாள்வாசம் எழுதியது:

கணக்கோடு சொன்னதற்கு நன்றி. கூரைக்குத் தெர்மாகோல் அல்லது முட்டை அட்டை ஒட்டினால் மலிவாக முடியும் என்கிறார்கள். அமைதி மூலைக்குக் கண்ணாடித் தடுப்பு போடலாம் என்றும் ஒரு யோசனை. இன்னொன்று, அதே அறையில் 40 பேர் உட்கார முடியுமா?


சுவரும்கூரையும் எழுதியது:

தெர்மாகோலின் குமிழ்கள் மூடியவை, ஒலி உள்ளே போகாது, திரும்பித்தான் வரும். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். பள்ளியில் கூரைக்கு அது கூடவே கூடாது. முட்டை அட்டை மெல்லிய காகிதக்கூழ், பேச்சின் கூர்மையான பகுதியைக் கொஞ்சம் தொடும், அடியோசையை விட்டுவிடும், தூசி தங்கும், அதுவும் எரியும். காசு குறைவென்றால் சுவரில் அறிவிப்புப் பலகைக்குப் பயன்படும் மென்பலகையைக் காதுயரத்தில், அதாவது தரையிலிருந்து 90 முதல் 180 செ.மீ. வரை, எதிரெதிர்ச் சுவர் இரண்டில் ஒன்றிலாவது ஓட்டுங்கள். பிள்ளைகளின் வேலையைக் குத்தி வைக்கவும் ஆகும்.

கண்ணாடித் தடுப்பு கூரை வரை போனால் வேலை செய்யும். பாதி உயரத்தில் நின்றால் பார்க்கத்தான் அழகு. முழு உயரத்துக்குப் போனால் உள்ளே விசிறி, விளக்கு, காற்றோட்டம் தனியாக வேண்டும். அந்தப் பணத்தில் மிச்சக் கூரைப் பலகையை முடித்துவிடலாம் என்பது என் கட்சி.


பீரியட்மணி எழுதியது:

40 பேர் கேள்விக்கு வருகிறேன். 120 × 60 செ.மீ. மேசை இரண்டைச் சேர்த்தால் நாலு பேருக்கு ஒரு சதுரம். நாற்காலியைப் பின்னால் தள்ள, பின்னால் ஒருவர் நடக்க எல்லாம் சேர்த்துக் குழுவுக்கு 7 சதுர மீட்டர். எட்டுக் குழு 56. அமைதி மூலையில் எட்டுப் பேருக்கு 12. குட்டை அலமாரிகளும் அவற்றின் முன் நின்று தேடும் இடமும் 18. சுவரலமாரி 4, இரவல் மேசை 4. மொத்தம் 94, அறை 96. அடங்கும், ஆனால் இடுப்புப் பெல்ட்டின் கடைசித் துளை மாதிரி. பீன் பேக்குக்கு இதில் இடமில்லை என்று நிர்வாகத்திடம் இந்தக் கணக்கையே காட்டுங்கள். பீன் பேக்கில் உட்கார்ந்து எழுத முடியாது, உறையைத் துவைக்கக் கழற்றினால் உள்ளே இருக்கும் மணிகள் அறை முழுக்க ஓடும், சக்கர நாற்காலிக்கு வழியும் அடைபடும். அதற்குப் பதில் சுவரோரம் 40 செ.மீ. உயரத்தில் பெஞ்ச், கழற்றித் துவைக்கும் உறை போட்ட மெத்தை. வழி எங்கும் 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது, ஒரு இடத்திலாவது சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம்.

மேசையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று போடாதீர்கள். ஆறு பேர் என்றால் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், எதிர்ப்பக்கத்துக்குக் கேட்கக் குரலும் உயரும். உயரத்தையும் பாருங்கள்: இருக்கைக்கும் மேசைக்கும் இடையே 25 முதல் 30 செ.மீ. நடுநிலை, உயர்நிலை இரண்டும் ஒரே அறைக்கு வந்தால் 64 செ.மீ. மேசை நாலு குழுவுக்கு, 71 செ.மீ. நாலு குழுவுக்கு, நாற்காலி முறையே 38, 43. காலில் வேறு வேறு நிறப் பட்டை ஒட்டிவிட்டால் ஜோடி மாறாது.

இனி யாரும் கேட்காத விஷயம், டைம்டேபிள். மேசையும் கூரையும் சரியாக வந்த பிறகும் இந்த அறை தேர்வுக்கூடமாகவும், கூட்ட அறையாகவும், ஆசிரியர் வராத வகுப்பை உட்கார வைக்கும் இடமாகவும் மாறிவிடும். நல்ல நாற்காலி இருக்கும் அறை என்றால் எல்லோருக்கும் கண். அதனால் திறப்பதற்கு முன்பே முன்பதிவுத் தாள் ஒன்று: பாடம், எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள், எந்தத் தட்டுப் புத்தகம் வேண்டும் என்று மூன்றே கட்டம். மூன்றையும் நிரப்பாத வகுப்புக்கு அந்த பீரியட் கிடையாது. நூலகருக்கு ஒரு நாள் முன்பே தாள் வந்துவிட வேண்டும்.

40 நிமிட பீரியடில் நுழைந்து உட்கார 5, தேட 10, குழுவாக வேலை 20, திரும்ப வைக்க 5. தேடுவதற்கு 40 பேரும் ஒரே நேரத்தில் எழுந்தால் அலமாரி முன் நெரிசல். குழுவுக்கு ஒருவர் வீதம் எட்டுப் பேர் மட்டும் எழட்டும், அடுத்த ஐந்து நிமிடத்துக்கு ஆள் மாறட்டும். வேலையும் குழுவாகச் செய்தால்தான் முடியும் என்ற மாதிரி இருக்க வேண்டும். "ஆறுகள் பற்றி எழுதுக" என்றால் ஒருவர் எழுத மூவர் பார்ப்பார்கள். ஒரே ஆற்றின் நீளத்தை மூன்று புத்தகத்திலும் ஒரு இணையப் பக்கத்திலும் பார், எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்று சொல், எதை நம்புவாய் என்று முடிவெடு என்றால் நாலு பேருக்கும் வேலை உண்டு, சண்டையும் உண்டு, அதுதான் வேண்டும்.

திரும்ப வைப்பது பற்றி: பிள்ளைகளைத் தட்டில் வைக்கச் சொல்லாதீர்கள், எடுத்த புத்தகங்களுக்கென நிற்கும் டிராலியில் போடச் சொல்லுங்கள். தப்பான தட்டில் நுழைந்த புத்தகம் தொலைந்ததற்குச் சமம். டிராலியில் விழுந்ததை எண்ணி எழுதினால், இரவல் போகாமல் உள்ளேயே எது பயன்படுகிறது என்ற கணக்கும் கிடைக்கும். அடுத்த கழிப்பில் அந்தப் புத்தகங்கள் அநியாயமாகப் போகாது.


மூன்றாம்தட்டு எழுதியது:

பட்டியல் மென்பொருளில் ஒரு பொறி இருக்கிறது. நிற்கும் இடத்தை "கிழக்குச் சுவர், 3ஆம் அலமாரி" என்று பதிந்தால் அலமாரி நகர்ந்த அன்றே முகவரி பொய்யாகிவிடும். அலமாரிக்கே பெயர் வையுங்கள்: க, ச, ட, த. புத்தகத்தின் பதிவில் "ட, 2ஆம் தட்டு" என்று போகட்டும், அலமாரியின் இரு முனையிலும் அந்த எழுத்து ஒரு சாண் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும், வாசலில் உள்ள வரைபடத்தை மட்டும் மாற்றினால் போதும். கோஹா போன்ற இலவச மென்பொருளில் இந்த இடக்குறியீட்டை நீங்களே அமைக்கலாம். பகுப்பெண் (பொருள்வாரியாகப் புத்தகத்துக்குக் கொடுக்கும் எண்) வரிசை ஒரு அலமாரியின் நடுவில் உடையாதபடி பாருங்கள். 500 முதல் 599 வரை ஒரே அலமாரி அல்லது ஒட்டி நிற்கும் இரண்டு. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் சொன்ன ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. சக்கரம் போட்டவர்கள் மறப்பது அதைத்தான்.

இடம் மாற்றும் நாளுக்கு: கழிப்பு, பார்கோடு, பெட்டியில் கட்டுவது, பிறகு மின்வேலை, கூரைப் பலகை, பெயிண்ட், அலமாரி, கடைசியில் புத்தகம். பெயிண்ட் வாசம் போவதற்குள் புத்தகம் அடுக்க அவசரப்படாதீர்கள். பெட்டி 15 கிலோவைத் தாண்டக் கூடாது, வெளியே "ட-2-1" என்று அலமாரி, தட்டு, பெட்டி எண். புத்தகத்தைப் படுக்கையாக அடுக்குங்கள், அல்லது முதுகு கீழே இருக்கும்படி. முதுகு மேலே பார்க்க நிறுத்தினால் தாள்களின் எடை தைப்பை இழுத்துத் தளர்த்திவிடும்.

எழுதும் மேசை வேண்டும் என்று அடுத்து கேட்பார்கள். மார்க்கரால் எழுதி அழிக்கும் மேசையில் அழித்த தூள் கையில் ஒட்டும், கையிலிருந்து புத்தகத் தாளில் ஒட்டும். நிறத் தூள் பட்ட தாளைத் துடைக்க முடியாது. சுவரில் ஒயிட்போர்டு, அலமாரியிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, அவ்வளவு போதும். ஒயிட்போர்டு பெயிண்ட் அடிப்பதென்றால் டின்னில் சொன்ன நாட்கள் முழுக்கக் காயவிடுங்கள், முன்பே எழுதினால் எழுத்தின் நிழல் போகவே போகாது.


தாள்வாசம் எழுதியது:

எல்லாம் குறித்துக்கொண்டேன். சக்கரம் போடும் நாலு அலமாரிக்கு எந்த அளவு சக்கரம்? தரை டைல்ஸ், வாசலில் 2 செ.மீ. உயர நிலைப்படி இருக்கிறது.


மூன்றாம்தட்டு எழுதியது:

அலமாரி 60 கிலோ, புத்தகம் 4 மீட்டர் × 30 கிலோ = 120, ஆக 180 கிலோ. சக்கரம் நாலு என்றாலும் நாலால் வகுக்காதீர்கள். தரை சமமாக இல்லாத இடத்தில் ஒன்று அந்தரத்தில் நிற்கும், மூன்று தான் சுமக்கும். 180 ÷ 3 = 60. அகராதி, கலைக்களஞ்சியம் வந்து சேரும் என்பதால் 80 கிலோ தாங்கும் சக்கரம் வாங்குங்கள். விட்டம் 100 மி.மீ., மேலே பாலியூரித்தேன். கடின நைலான் டைல்ஸில் கடகடக்கும், கறுப்பு ரப்பர் தரையில் கோடு போடும். நாலிலும் பிரேக், சக்கரம் சுழல்வது மட்டுமல்ல, திரும்புவதும் பூட்டிக்கொள்ளும் வகை.

சட்டத்தில் போல்ட் போட்டு, அடியில் இரும்புத் தகடு வைத்துப் பொருத்துங்கள். பிளைவுட்டில் மர ஸ்க்ரூ ஏற்றினால் இரண்டு முறை தள்ளியதும் பிடுங்கிக்கொள்ளும்.

நிலைப்படி வழியாக நிறைந்த அலமாரியைத் தள்ள வேண்டாம். முன்சக்கரம் முட்டி நிற்கும், மேல்விளிம்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறவரின் கையில் அலமாரி கவிழும். அறைக்குள் நகர்த்தும்போதும் பெரியவர்கள் இருவர், இடுப்புக்குக் கீழே பிடித்து, நீளவாக்கில் தள்ள வேண்டும். ஒரு பக்கம் காலியாகவும் மறுபக்கம் நிறைந்தும் இருந்தால் முதலில் எடையைச் சமப்படுத்துங்கள். கனமானவை எப்போதும் அடித்தட்டில்.

நிறுத்த வேண்டிய இடங்களைத் தரையில் ஒட்டுப் புள்ளியால் குறித்துவிடுங்கள், அலமாரிக்கு இரண்டு புள்ளி, அலமாரியின் எழுத்தோடு. குழு வேலைக்கு ஒரு நிறம், கதை சொல்லும் நாளுக்கு இன்னொரு நிறம். புள்ளி இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அரை அடி அரை அடியாக நகர்ந்து, மூன்று மாதத்தில் அந்த 90 செ.மீ. வழி 60 ஆகியிருக்கும்.